குரோமில் சரியாக வருகிறது, ஐபோனில் உடைகிறது: பிரவுசர் பொருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, பள்ளி, கல்யாண மண்டபம் என்று சிறிய அளவில் வலைத்தளம் செய்து கொடுப்பவர்களுக்காக எழுதியது இது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்ப் படிக்கலாம், வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

எழுதியது ஒரே கோட்தான். பிரவுசருக்குப் பிரவுசர் ஏன் வேறு மாதிரி வருகிறது?

நீங்கள் அனுப்புவது படம் அல்ல, குறிப்பு. "இந்தப் பெட்டி இவ்வளவு அகலம், இந்த எழுத்து இவ்வளவு பெரிது" என்று எழுதி அனுப்புகிறீர்கள். அதைப் படித்துத் திரையில் வரைவது பிரவுசருக்குள் இருக்கும் எஞ்சின். இன்று புழக்கத்தில் உள்ள பெரிய எஞ்சின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபெரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது பிளிங்க். சஃபாரிக்கு வெப்கிட். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ.

மூன்றும் ஒரே தரவிதிகளைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் ஒரு புதிய வசதி ஒன்றில் இந்த ஆண்டு வரும், இன்னொன்றில் இரண்டு ஆண்டு கழித்து வரும். சிஎஸ்எஸ்ஸில் ரொம்ப நாள் எதிர்பார்த்த 'ஹேஸ்' தேர்வி (செலக்டர்) சஃபாரியில் 2022 மார்ச்சில் வந்தது, குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டில், ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரில். எப்போதும் சஃபாரிதான் கடைசி என்று சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தரவிதி எதுவும் சொல்லாமல் விட்ட இடங்களும் உண்டு. செலக்ட் பெட்டி எப்படி இருக்க வேண்டும், ஸ்க்ரோல்பார் இடத்தை அடைக்க வேண்டுமா என்பதெல்லாம் அந்தந்த பிரவுசரும் இயங்குதளமும் முடிவு செய்வது.

அப்படியானால் எத்தனை பிரவுசரில் சோதிக்க வேண்டும்?

பிரவுசரை எண்ணாதீர்கள், எஞ்சினை எண்ணுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் குரோம், ஐபோனில் சஃபாரி, கணினியில் ஃபயர்ஃபாக்ஸ். இந்த மூன்றிலும் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலான சிக்கல் அங்கேயே பிடிபட்டுவிடும். எட்ஜ், பிரேவ், ஓபெரா ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உட்கார்ந்து பார்ப்பது நேரம்தான் வீண். எட்ஜ் 2020 ஜனவரியிலிருந்தே குரோமின் திறந்த மூலமான குரோமியத்துக்கு மாறிவிட்டது.

விலை குறைந்த போன் என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மேசையில் உள்ள கணினியில் கண் சிமிட்டும் நேரத்தில் வரும் பக்கம், மூன்று ஜிபி ரேம் உள்ள போனில் திணறும். இரண்டிலும் குரோம்தான், எஞ்சினும் அதே பிளிங்க்தான். ஆனாலும் வாடிக்கையாளர் சொல்வது "என் போனில் உங்கள் சைட் வேலை செய்யவில்லை" என்றுதான்.

ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தேன். சஃபாரியிலும் தனியாகப் பார்க்க வேண்டுமா?

இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோம் என்ற ஐகானைத் தொட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே. ஆப்பிளின் விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் நெருக்கடியால் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் வேறு எஞ்சினுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆகவே ஐபோனில் சஃபாரியில் பார்த்தால் போதும். குரோமில் மட்டும் பார்த்திருந்தாலும் வெப்கிட்டைப் பார்த்துவிட்டதாகவே அர்த்தம், ஓரிரு வசதிகள் தவிர.

குரோம் டெவ்டூல்ஸில் 'ஐபோன்' என்று மாற்றிப் பார்க்கிறேன். அது போதுமா?

போதாது. அங்கே மாறுவது திரையின் அளவு, தொடுதல், பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஆகியவைதான். வரைவது பிளிங்க்தான். லேஅவுட் சின்னத் திரையில் எப்படி மடிகிறது என்று பார்க்க நல்ல கருவி. சஃபாரியின் குணத்தைத் தெரிந்துகொள்ள அதால் ஒரு பயனும் இல்லை.

என்னிடம் மேக்கும் இல்லை, ஐபோனும் இல்லை. என்ன செய்வது?

செலவில்லாத வழி பிளேரைட். மைக்ரோசாஃப்ட் வெளியிடும் இந்தச் சோதனைக் கருவி குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றையும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு க்னோம் வெப் என்ற பிரவுசரும் வெப்கிட்தான். இரண்டும் ஐபோன் சஃபாரியின் அச்சு அசல் அல்ல. கீபோர்டு மேலே வரும்போது நடப்பது, முகவரிப் பட்டை சுருங்குவது எல்லாம் இவற்றில் தெரியாது. ஆனாலும் பாதிக்கு மேல் பிழைகள் இங்கேயே சிக்கும்.

மீதிக்கு, உண்மையான போன்களை இணையம் வழியே வாடகைக்குத் தரும் பிரவுசர்ஸ்டாக் போன்ற சேவைகள் இருக்கின்றன. அதற்கும் வழியில்லை என்றால் ஐபோன் வைத்திருக்கும் நண்பரிடம் லிங்க்கை அனுப்பி, திரையைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், வீடியோ கேளுங்கள். எதைத் தொட்டபோது உடைந்தது என்பது வீடியோவில்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விண்டோஸுக்கான சஃபாரி என்று தேடி எடுத்துப் போடாதீர்கள். அது 5.1.7 வெர்ஷனோடு 2012-இல் நின்றுபோனது.

ஐபோனில் மட்டும் பக்கம் முழுக்க வெள்ளையாக வருகிறது. ஒன்றுமே தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். சிஎஸ்எஸ் பொறுமைசாலி: தெரியாத வரி வந்தால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இலக்கணத்தில் ஓர் இடம் புரியவில்லை என்றால் அந்த ஃபைலையே ஓட்டாது. இப்போதெல்லாம் மொத்தத் தளத்தையும் ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்புகிறோம். எனவே ஒரு மூலையில் இருக்கும் நான்கு எழுத்து மொத்தப் பக்கத்தையும் சாய்த்துவிடும்.

நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'லுக்பிஹைண்ட்' என்று ஒரு வசதி உண்டு. ரூபாய்க் குறிக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் பிடிக்க வேண்டும் என்பது போன்ற இடங்களில் கைக்கு வரும். குரோமில் 2017-இலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2020. சஃபாரியில் வந்தது 16.4-இல், அதாவது 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய சஃபாரி அதைப் பார்த்ததும் 'இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்' என்று ஒரு பிழைச்செய்தி எழுதிவிட்டு நின்றுவிடும். செய்தியைப் படித்தால் எதுவும் புரியாது, ஏதோ பெயர்ப் பிரச்சினை என்று தோன்றும். அந்த வரியை நீங்கள் எழுதியிருக்கக்கூட மாட்டீர்கள், எங்கிருந்தோ இறக்கிய ஒரு லைப்ரரிக்குள் கிடக்கும். புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய பிரவுசருக்கு ஏற்றபடி மாற்றும் பேபெல் போன்ற கருவிகளும் இதைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தருவதில்லை. அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனை வேறு விதமாக எழுதுவது, இல்லையென்றால் லைப்ரரியை மாற்றுவது, இரண்டுதான் வழி.

ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-க்கு மேல் அப்டேட் கிடையாது. அப்படியானால் அந்தப் போனில் 16.4 என்றைக்கும் வராது. செகண்ட் ஹேண்டில் வாங்கி இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

மேக் இல்லாமல் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: உங்கள் பெரிய ஃபைலுக்கு முன்னால், தனியாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வையுங்கள். பழைய பாணியில், 'வார்' போட்டு எழுதினால் போதும். பக்கத்தில் எந்தப் பிழை நடந்தாலும் அதன் செய்தியையும் வரி எண்ணையும் அலர்ட்டாகக் காட்டச் சொல்லுங்கள். பெரிய ஃபைல் படுத்தாலும் இது தனி ஃபைல் என்பதால் ஓடும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பழைய வெர்ஷன்களை எதுவரை தாங்க வேண்டும்?

யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் குரோம் பிளே ஸ்டோர் வழியாகத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே போன் பழசானாலும் பிரவுசர் ஓரளவு புதிதாக இருக்கும். ஐபோனில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடு ஒட்டிக்கொண்டே வருவது, போனுக்கு அப்டேட் நின்றால் பிரவுசரும் அங்கேயே நிற்கும். விண்டோஸ் 7, 8.1 ஓடும் கணினிகளில் குரோம் 109-தான் கடைசி. கணினி மையங்களிலும் பழைய அலுவலகங்களிலும் இவற்றை இன்னும் பார்க்கலாம். குரோம் 109-இல் சிஎஸ்எஸ் நெஸ்டிங் (விதிக்குள் விதி எழுதுவது) கிடையாது, பாப்ஓவர் (மேலே எழும் சிறு பெட்டி) கிடையாது. ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் எல்லாம் நன்றாகவே ஓடும்.

ஒரு வசதியைப் பயன்படுத்தலாமா என்று முடிவு செய்ய இப்போது 'பேஸ்லைன்' என்ற அடையாளம் வந்திருக்கிறது. வலை டெவலப்பர்களுக்கான எம்டிஎன் ஆவணங்களில் ஒவ்வொரு வசதிக்கும் மேலேயே போட்டிருப்பார்கள். முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டால் 'புதிதாகக் கிடைக்கிறது'. அதன்பின் 30 மாதம் கடந்தால் 'பரவலாகக் கிடைக்கிறது'. சின்னத் தளங்களுக்கு என் கணக்கு இதுதான்: பரவலாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்காமல் பயன்படுத்துவேன். புதிதாகக் கிடைப்பதை, இல்லாவிட்டாலும் பக்கம் ஓடும் இடங்களில் மட்டும் வைப்பேன்.

பில்ட் கருவி வைத்து வேலை செய்பவர்கள், எந்தெந்த பிரவுசரைத் தாங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் பிரவுசர்லிஸ்ட் அமைப்பில் இந்தியாவில் இத்தனை சதவீதத்துக்கு மேல் புழங்கும் பிரவுசர்கள் என்று நாட்டு வாரியாகவே கேட்கலாம். உலகச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட அது நல்லது.

புதிய சிஎஸ்எஸ் வசதியைப் போட வேண்டும், பழைய பிரவுசரிலும் உடையக் கூடாது. எப்படி?

பழையதை முதல் வரியில் எழுதுங்கள், புதியதை அதற்குக் கீழே எழுதுங்கள். புதியது தெரிந்த பிரவுசர் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளும், தெரியாதது மேலே உள்ளதோடு நின்றுகொள்ளும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பெரிய பகுதியாக மாற வேண்டுமென்றால், இந்த வசதி தெரியுமா என்று பிரவுசரைக் கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதிக்குள் வையுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, காற்புள்ளி போட்டு அடுக்கிய தேர்விகளில் ஒன்று பிரவுசருக்குப் புரியவில்லை என்றாலும் அந்த விதி முழுவதும் போய்விடும். ஆகவே ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டுமான தேர்வியையும் குரோமுக்கு மட்டுமான தேர்வியையும் ஒரே விதியில் சேர்க்காதீர்கள், தனித்தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது, ஃபிளெக்ஸ்பாக்ஸில் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடும் 'கேப்'. கிரிட்டில் கேப் முதலில் வந்துவிட்டது. ஃபிளெக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் 2018-இலும் குரோம் 2020-இலும் சஃபாரி 2021-இலும்தான் கொண்டுவந்தன. பழைய சஃபாரியிடம் "கேப் தெரியுமா" என்று சப்போர்ட்ஸ் வழியாகக் கேட்டால், கிரிட்டை மனதில் வைத்துக்கொண்டு "தெரியும்" என்று சொல்லிவிடும். அதை நம்பி எழுதினால் மெனுவில் உள்ள லிங்க்குகள் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலப் போன்களையும் தாங்க வேண்டியிருந்தால் அந்த இடத்தில் மார்ஜின் போடுவதுதான் பத்திரம்.

சிஎஸ்எஸ் வசதியின் பெயருக்கு முன்னால் 'வெப்கிட்', 'மோஸ்' என்று முன்னொட்டு போடும் வழக்கம் இன்னும் வேண்டுமா?

கையால் போட வேண்டாம். ஆட்டோபிரிஃபிக்சர் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். சோதனையில் இருக்கும் வசதி என்று காட்டத்தான் அந்த முன்னொட்டுகள் வந்தன. டெவலப்பர்கள் வெப்கிட் முன்னொட்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறந்துபோனதால், கடைசியில் ஃபயர்ஃபாக்ஸே 2016-இல் வெப்கிட் முன்னொட்டுகள் சிலவற்றைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியதாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது. புதிய வசதிகளுக்கு இப்போது யாரும் முன்னொட்டு வைப்பதில்லை.

பிரவுசரின் பெயரைப் பார்த்து, சஃபாரி என்றால் இது, குரோம் என்றால் அது என்று எழுதலாமா?

முடிந்தவரை வேண்டாம். விண்டோஸில் ஓடும் குரோம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று பாருங்கள்:

மொசில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/120.0.0.0 சஃபாரி/537.36

ஒரு குரோமுக்குள் மொசில்லா, ஆப்பிள், கெக்கோ, சஃபாரி எல்லாரும் இருக்கிறார்கள். இதற்கு ஒரு பரம்பரைக் கதை உண்டு. தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது. அந்தப் பெயர் வந்தால் மட்டும் நல்ல பக்கத்தை அனுப்பும் தளங்கள் இருந்ததால், இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் மொசில்லா என்று சொல்லத் தொடங்கியது. பிறகு கெக்கோ வந்தது. லினக்ஸுக்கு மென்பொருள் செய்யும் கேடிஇ குழுவின் கேஎச்டிஎம்எல் எஞ்சின் "கெக்கோ மாதிரி" என்று சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து ஆப்பிள் வெப்கிட்டை உருவாக்கியது. வெப்கிட்டை எடுத்துக்கொண்டு 2008-இல் குரோம் வந்தது, 2013-இல் அதைப் பிரித்து பிளிங்க் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவரும் முந்தையவரின் பெயரை விடாமல் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். காரணம், பெயரைப் பார்த்து வழிமறிக்கும் தளங்கள்.

அப்படிப்பட்ட தளங்களால் ஓபெரா தன் பத்தாவது வெர்ஷனில்கூட 9.80 என்றே சொல்லிக்கொண்டது. '10'-இல் முதல் எழுத்தை மட்டும் படித்துவிட்டு ஓபெரா 1 வந்திருக்கிறது என்று விரட்டிவிடும் தளங்கள் அத்தனை இருந்தன. 2019-இலிருந்து ஐபேடில் உள்ள சஃபாரி தன்னை மேக் என்றே சொல்கிறது. பெயரை நம்பி ஐபேடுக்கு மவுஸ் வைத்து ஓட்டும் மெனுவை அனுப்பியவர்கள் அப்போது திண்டாடினார்கள்.

யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, இது செய்ய வருமா என்று கேளுங்கள். ஜியோலொகேஷன் இருக்கிறதா, ஷேர் செய்யும் வசதி இருக்கிறதா என்று ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வரியில் பார்த்துவிடலாம்.

போனில் 'ஆர்டர் செய்' பட்டன் திரைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. கணினியில் சரியாக இருக்கிறதே?

உயரத்துக்கு 100விஎச், அதாவது திரையின் முழு உயரம், என்று போட்டிருப்பீர்கள். போனில் முகவரிப் பட்டை ஒரு சமயம் தெரியும், ஸ்க்ரோல் செய்தால் சுருங்கும். 100விஎச் என்பது அந்தப் பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரம். பக்கம் திறந்தவுடன் பட்டை விரிந்தே இருக்கும், ஆகவே அடியில் வைத்த பட்டன் அவ்வளவு தூரம் கீழே தள்ளப்பட்டிருக்கும்.

இதற்காகவே எஸ்விஎச், எல்விஎச், டிவிஎச் என்று மூன்று அலகுகள் 2022-இல் எல்லா எஞ்சினிலும் வந்தன. முதலாவது பட்டை விரிந்திருக்கும்போது உள்ள சின்ன உயரம், இரண்டாவது பெரிய உயரம், மூன்றாவது அந்தந்த நேரத்து உயரம். டிவிஎச் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்க்ரோல் செய்யும்போது பக்கம் துள்ளும். பட்டன் உள்ள பக்கத்துக்கு 100எஸ்விஎச் போதும். அதற்கு மேல் வரியில் பழைய 100விஎச்சையும் விட்டுவையுங்கள்.

அகலத்துக்கு 100விடபிள்யூ (திரையின் முழு அகலம்) போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: விண்டோஸில் ஸ்க்ரோல்பாரும் இடத்தை அடைக்கும், விடபிள்யூ அதைக் கணக்கில் எடுக்காது. பக்கம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். 100 சதவீதம் என்று போடுங்கள்.

ஐபோனில் பெயர் எழுதும் பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகிவிடுகிறது.

அந்தப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருக்கும். 16 ஆக்கினால் நின்றுவிடும். இதைத் தடுக்க ஜூம் செய்வதையே பூட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது, அது வேண்டாம். கண் பார்வை குறைந்தவர்களுக்கு விரலால் பெரிதாக்கும் வழி தேவை.

தமிழ் எழுத்து ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு மாதிரி தெரிகிறது. எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன.

உங்கள் சிஎஸ்எஸ்ஸில் ரோபோட்டோ, ஏரியல் என்று ஆங்கில எழுத்துருக்களை மட்டும் எழுதியிருப்பீர்கள். அவற்றில் தமிழ் இருக்காது, எனவே கருவி தன்னிடம் உள்ளதை எடுத்துப் போடும். விண்டோஸ் 7 வரை லதா, அதன் பின் நிர்மலா யூஐ. ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொன்றுக்கும் உயரமும் அகலமும் வேறு. ஒன்றில் ஒரே வரியில் நிற்கும் மெனு இன்னொன்றில் இரண்டு வரியாகும்.

ஒரே மாதிரி வேண்டுமென்றால் எழுத்துருவை நீங்களே அனுப்புங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம்தான். வேண்டிய தடிமன்களை மட்டும், வோஃப்2 என்ற சுருக்கிய வடிவில் அனுப்புங்கள். தடித்த எழுத்துக்கான ஃபைல் இல்லாமல் 'போல்ட்' போட்டால் பிரவுசர் தானே எழுத்தைப் பருமனாக்கும். ஆங்கிலத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் ண, ஞ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டியது போல ஆகிவிடும்.

வெட்டுப்படுவதற்குக் காரணம் வரி உயரம். ஆங்கிலத்துக்கு 1.2 வைத்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டினால் 'கீ'யின் மேல் சுழியும் 'ளு'வின் கீழ்க் கோடும் போய்விடும். 1.6-இலிருந்து தொடங்குங்கள். பட்டன்களுக்கு நிலையான அகலமும் உயரமும் வைக்காதீர்கள். 'சப்மிட்' உட்கார்ந்த இடத்தில் 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' உட்காராது. 'அனுப்பு' என்று எழுதினால் இன்னும் நல்லது, படிப்பவருக்கும் சுலபம்.

எச்டிஎம்எல்லின் தலையில் மொழி 'டிஏ' என்று குறிப்பிட்டிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். டெம்ப்ளேட்டில் வந்த ஆங்கிலக் குறியை அப்படியே விட்டுவிட்டால், பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவிகள் தமிழை ஆங்கிலம் என்று எண்ணித் தடுமாறும்.

இன்ஸ்டாகிராமிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் லாகினும் பேமெண்ட்டும் வேலை செய்யவில்லை.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்புக்குள் லிங்க்கைத் தொட்டால் அது குரோமுக்கோ சஃபாரிக்கோ போகாமல் ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கும். எஞ்சின் அதேதான், ஆனால் கைகால் கட்டப்பட்டிருக்கும். கூகுள் கணக்கு வைத்து உள்ளே நுழைவதை இப்படிப்பட்ட உள் பிரவுசர்களில் கூகுளே 2017-இலிருந்து தடுத்து வைத்திருக்கிறது. அங்கே கூகுள் லாகினை மட்டும் நம்பாமல், போன் எண்ணும் ஓடிபியும் வைத்து ஒரு வழி கொடுங்கள்.

யூபிஐயில் இன்னொரு தலைவலி. ஆண்ட்ராய்டு குரோமில் யூபிஐ லிங்க்கைத் தொட்டால் எந்த ஆப் வேண்டும் என்று பட்டியல் வரும். உள் பிரவுசரில், ஆப் செய்தவர்கள் அதற்கென்று ஏற்பாடு செய்திருக்காவிட்டால், தெரியாத முகவரி என்று பிழை காட்டும். ஐபோனில் பட்டியலே வராது, போனில் உள்ள ஆப்களில் ஏதோ ஒன்று திறக்கும். கணினியில் ஒன்றுமே நடக்காது. ஆகவே லிங்க்கோடு க்யூஆர் கோடையும், காப்பி செய்துகொள்ள யூபிஐ ஐடியையும் சேர்த்தே வையுங்கள்.

தேதி தவறாகக் காட்டுகிறது, சில போனில் 'இன்வேலிட் டேட்' என்று வருகிறது.

தேதியை எழுத்தாகக் கொடுத்து பிரவுசரையே புரிந்துகொள்ளச் சொன்னால் இப்படித்தான் ஆகும். '2026-02-15 10:30' என்று நடுவில் இடைவெளி விட்டு எழுதினால் குரோம் ஏற்றுக்கொள்ளும், பழைய சஃபாரி ஏற்காது. நடுவில் 'டி' எழுத்தைப் போட்டால் எல்லாமே ஏற்கும்.

நேரம் இல்லாமல் '2026-02-15' என்று மட்டும் கொடுத்தால் அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்பது விதி. சென்னையில் பார்த்தால் காலை ஐந்தரை, தேதி 15 என்றே வரும். அதே கல்யாணப் பத்திரிகையை நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா திறந்தால் 14 என்று காட்டும். இது பிரவுசர் வேறுபாடு அல்ல, நேர மண்டல வேறுபாடு. ஆனால் புகார் வருவது "என் போனில் தப்பாக வருகிறது" என்றுதான். முகூர்த்த நாளைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய தேவையே இல்லை, எழுத்தாகவே எழுதிவிடுங்கள்.

கூடையில் போட்ட பொருள்கள் சில நாளில் காணாமல் போகின்றன. ஐபோன்காரர்கள் மட்டும் சொல்கிறார்கள்.

பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருப்பீர்கள். பயனரைப் பின்தொடரும் விளம்பரங்களைத் தடுக்க, ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சேமித்ததை, அந்தத் தளத்தைத் தொடாமல் ஏழு நாள் பிரவுசரைப் பயன்படுத்தினால் சஃபாரி அழித்துவிடும். 2020 மார்ச்சிலிருந்து இதுதான் நடைமுறை. தங்க வேண்டியதை சர்வரில் வையுங்கள்.

பாலிஃபில் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பழைய பிரவுசரில் இல்லாத ஒரு செயல்பாட்டை ஜாவாஸ்கிரிப்ட்டால் எழுதி நிரப்புவதுதான் பாலிஃபில். செயல்பாட்டை நிரப்ப முடியும், இலக்கணத்தை நிரப்ப முடியாது. மேலே சொன்ன லுக்பிஹைண்ட்டுக்கு எந்தப் பாலிஃபிலும் உதவாது. தேவையானதை மட்டும், உங்கள் சர்வரிலிருந்தே கொடுங்கள். பாலிஃபில்.ஐஓ என்ற பிரபலமான சேவையின் முகவரி 2024-இல் கைமாறி, அந்த ஆண்டு ஜூனில் அதன் வழியாகத் தீங்கு செய்யும் கோட் பரவியது. அதை இணைத்திருந்தவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள்.

எல்லா பிரவுசரிலும் ஒரு பிக்சல்கூட மாறக் கூடாது என்று கிளையன்ட் சொல்கிறார்.

முதலிலேயே பேசிவிடுங்கள், அதுவும் எழுத்தில். ஒரே மாதிரி தெரிவது வேறு, ஒரே வேலையைச் செய்ய முடிவது வேறு. விலை தெரிய வேண்டும், படிவம் போக வேண்டும், போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். இவை எல்லா இடத்திலும் நடக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. நிழல் ஒன்றில் மென்மையாகவும் இன்னொன்றில் கடினமாகவும் விழுவது, செலக்ட் பெட்டி ஐபோனில் வேறு வடிவில் திறப்பது எல்லாம் குறை அல்ல. ஐபோன்காரருக்கு ஐபோனின் செலக்ட்தான் பழக்கம். அதை மறைத்துவிட்டு நாமே ஒன்று வரைந்தால், கீபோர்டில் நகர்த்த முடியாத, பார்வையற்றோர் பயன்படுத்தும் கருவிக்குத் தெரியாத ஒன்றாகத்தான் பெரும்பாலும் முடியும்.

எந்தெந்த பிரவுசர், எந்த வெர்ஷனிலிருந்து, அவற்றில் எதெல்லாம் ஓடும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கொட்டேஷனோடு சேர்த்துக் கொடுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபம் பாதி குறையும்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பற்றி இன்னும் கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். 2022 ஜூன் 15-ஆம் தேதி அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய அலுவலக மென்பொருளுக்காக எட்ஜுக்குள் ஓர் 'ஐஇ மோட்' வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் பாடு.

சரி, "குரோமில் மட்டுமே இயங்கும்" என்று ஒரு அறிவிப்பு போட்டுவிட்டால் என்ன?

தென்கொரியாவைப் பாருங்கள். தொண்ணூறுகளின் இறுதியில் வங்கிப் பரிவர்த்தனைப் பாதுகாப்புக்கென்று சொந்தக் குறியாக்க முறை ஒன்றை வைத்து, அதை ஓட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற செருகுநிரல் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லாரிடமும் இருந்த பிரவுசர் அதுதான், யாருக்கும் சிரமம் இல்லை. பிறகு ஃபயர்ஃபாக்ஸ் வந்தது, மேக் பரவியது, ஸ்மார்ட்போன் வந்தது. ஆக்டிவ்எக்ஸ் எதிலும் ஓடாது. உலகத்திலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்றில், பணம் அனுப்ப மட்டும் மக்கள் பழைய பிரவுசரைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த முறையோடு சேர்ந்து வந்த மின்சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்தைச் சட்டப்படி நீக்க 2020 டிசம்பர் வரை ஆயிற்று.

உங்கள் தளம் வங்கி அல்ல, ஜவுளிக் கடை. அறிவிப்பைப் படித்துவிட்டு இன்னொரு பிரவுசரை இறக்கிப் போட்டுத் திரும்பி வருவார் என்று எந்த வாடிக்கையாளரையும் எதிர்பார்க்க முடியாது, அடுத்த கடையின் லிங்க்கைத் தொட்டுவிடுவார். ஏதோ ஒரு வசதி உண்மையிலேயே குரோமில் மட்டும்தான் ஓடும் என்றால், அந்த வசதி இல்லாத பிரவுசரில் அந்தப் பட்டனை மட்டும் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் கடையின் போன் நம்பரைப் போடுங்கள்.